ஊர் வரலாற்று அருங்காட்சியகம்: சொந்தக் கட்டடமா, இரவல் அறையா, நடமாடும் கண்காட்சியா, இணையக் காப்பகமா?

மூடப்பட்ட பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேடுகள், பெயர் எழுதாத புகைப்படங்கள் நிறைந்த அட்டைப்பெட்டி, நின்றுபோன ஆலையின் சங்கு, யாரோ ஒருவருடைய பாட்டி ஓட்டிய தையல் இயந்திரம். இவையெல்லாம் ஒரு தன்னார்வக் குழுவின் கைக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த கூட்டத்திலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும். சொந்தமாக ஒரு கட்டடம் வேண்டும் என்பார் ஒருவர். நூலகத்தில் ஓர் அறை கேட்டால் போதாதா என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாம் என்பார்கள் இளையவர்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும், பெரிய அருங்காட்சியகத்திடமே கொடுத்துவிடலாமே என்று முணுமுணுப்பார். அவரை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்க வேண்டும்.

இந்த முடிச்சில் சிக்கியவர்கள் பெரும்பாலும் இடத்திலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். எங்கே வைப்பது, எவ்வளவு பெரிய அறை, வாசலில் என்ன பெயர்ப்பலகை என்று பேச்சு ஓடுகிறது. முதலில் எண்ண வேண்டியது, வாரத்துக்கு எத்தனை மணி நேர உழைப்பு நிச்சயமாகக் கிடைக்கும் என்பதை. அடுத்து எழுத வேண்டியது, இந்தக் குழு ஒருநாள் கலைந்தால் பொருள்கள் யாரிடம் போகும் என்பதை. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் இடம் பற்றிய சண்டை பாதி தீர்ந்துவிடும்.

உலக அருங்காட்சியகங்களின் கூட்டமைப்பான ஐகாம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறை, அருங்காட்சியகத்தை லாப நோக்கற்ற, நிலையான, சமூகத்துக்குப் பணி செய்யும் நிறுவனம் என்கிறது. ஆராய்வது, சேகரிப்பது, பாதுகாப்பது, விளக்குவது, காட்சிக்கு வைப்பது எல்லாம் அதில் உண்டு. மக்களின் பங்கேற்பும் உண்டு. கட்டடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

உழைப்பு நேரம். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் திறப்பதாக வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக் கருதி எப்போதும் இருவர் இருக்க வேண்டும். வாரத்துக்கு 16 மணி. ஆண்டுக்கு 832 மணி. ஒரு தன்னார்வலர் மாதத்தில் இரண்டு முறை வந்தால் ஆண்டுக்கு அவர் தருவது 96 மணி. அப்படியானால் வாசலில் உட்காருவதற்கு மட்டுமே ஒன்பது பேர் தேவை. காய்ச்சல், தேர்வு, பயணம், வீட்டுக் கவலைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் பதினொருவர் இல்லாமல் முடியாது. பொருள்களைப் பதிவு செய்வதும், துடைப்பதும், காட்சியை மாற்றுவதும், வரவு செலவு எழுதுவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. தொடக்க விழாவில் கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை இங்கே போடாதீர்கள். மூன்றாம் ஆண்டிலும் வரக்கூடியவர்கள் என்று நம்பத் தகுந்தவர்களின் எண்ணிக்கையைப் போடுங்கள்.

பொருளின் பாதுகாப்பு. அருங்காட்சியகப் பொருள்களைச் சிதைக்கும் காரணிகள் பத்து என்று கனடியன் கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட் வகுத்திருக்கிறது. விழுதல், உரசல் போன்ற பௌதிக விசைகள், திருட்டு, தீ, நீர், பூச்சி எலிகள், மாசு, ஒளி, தவறான வெப்பநிலை, தவறான ஈரப்பதம் என்று ஒன்பது நமக்குத் தெரிந்தவைதான். பத்தாவதுதான் சிறிய அருங்காட்சியகங்களைச் சத்தமில்லாமல் காலி செய்கிறது: பொருளும் அதைப் பற்றிய தகவலும் பிரிந்துபோவது. யார் கொடுத்தது, எந்தத் தெருவில் எடுத்தது, படத்தில் இருப்பவர் யார் என்பது ஒருவரின் நினைவில் மட்டும் இருந்து, அவரோடு போய்விட்டால், மிச்சம் இருப்பது வெறும் பழைய பொருள். தகவல் இழப்பைத் தடுக்க ஒரு பதிவேடும் ஒழுங்கும் போதும். மற்ற ஒன்பதுக்கும் அறையின் தரம் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வழக்கமான உச்சவரம்பு. சாதாரண அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். ஒளியால் வெளுத்தது வெளுத்ததுதான், திரும்பாது.

உரிமை. பொருள் சட்டப்படி யாருடையது? கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்படைப்புக் கடிதம் இருக்கிறதா, அல்லது "சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்வார்த்தை மட்டும்தானா?

வருகை. படியேற முடியாதவர், வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், அருங்காட்சியகம் நமக்கான இடமல்ல என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர் ஆகியோரில் எத்தனை பேரால் உள்ளே வர முடியும்?

ஆண்டுச் செலவு. திறப்பு விழாவுக்கு நன்கொடை தருபவர் கிடைப்பார். ஏழாம் ஆண்டின் மின்கட்டணத்துக்கு நன்கொடை தருபவர் கிடைப்பது அரிது. ஆகவே ஒருமுறைச் செலவைவிட ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவுதான் முக்கியம்.

பின்வாங்கும் வழி. தேர்ந்தெடுத்தது சரிவரவில்லை என்றால் எவ்வளவு எளிதாக வெளியேறலாம்? இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள்.

## வழி 1: சொந்தக் கட்டடம், சொந்த அறக்கட்டளை

இதன் கவர்ச்சி உண்மையானது. கதவைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் விருப்பம். ஊரில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தையோ, நிலம் பிடுங்கப்பட்ட கதையையோ காட்சிக்கு வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலையான முகவரி இருப்பதால், வீட்டைக் காலி செய்கிறவர்கள் பழைய கடிதங்களைக் குப்பையில் போடும் முன் உங்களை நினைப்பார்கள். ஊர் வரலாற்றுச் சேகரிப்புகள் வளர்வது பெரும்பாலும் இந்த ஒரு நினைப்பால்தான்.

மறைந்திருக்கும் செலவு கூரையில் தொடங்குகிறது. இப்படிப்பட்ட குழுக்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய கட்டடங்கள். பழமையே அருங்காட்சியகத்துக்குப் பொருத்தம் என்று எல்லோரும் மகிழ்வார்கள். பழைய கட்டடம் அதுவே ஓர் அருங்காட்சியகப் பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதையும் பாதுகாக்க வேண்டும்; சில இடங்களில் மரபுச் சின்னச் சட்டங்களால் ஒரு ஜன்னலை மாற்றக்கூட அனுமதி தேவைப்படும். ஒழுகும் கூரை, ஈரம் ஏறும் சுவர், கரையான், பழைய மின்கம்பி ஆகிய நான்கையும் ஒரு பொறியாளர் பார்த்து எழுத்தில் தந்த பிறகுதான் சாவியை வாங்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த முழு முயற்சியிலும் மிக நல்ல செலவு.

அடுத்தது நிர்வாகம். அறக்கட்டளையோ சங்கமோ பதிவு செய்தால் ஆண்டுக் கணக்கு, தணிக்கை, பொதுக்குழு, தீர்மானப் புத்தகம் எல்லாம் வரும். பார்வையாளர் வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் காப்பீடு வேண்டும். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியை யாராவது பார்க்க வேண்டும். வரலாற்றின் மீது ஆசை வைத்து வந்த ஒருவர், ஓராண்டு கழித்துக் குழாய் ரிப்பேர் செய்பவரைத் தேடி அலைந்துகொண்டிருப்பார். தன்னார்வலர்கள் விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்: வரலாற்றுக்காக வந்தவர்களுக்குக் கட்டடப் பராமரிப்பைக் கொடுத்துவிடுகிறோம்.

நிறுவனர் சிக்கலும் இங்கேதான் அதிகம். ஒருவரின் பிடிவாதத்தால் எழுந்த அருங்காட்சியகம் அவருடைய வீட்டு வரவேற்பறை போலவே ஆகிவிடும். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும், சாவியும் அவரிடம்தான். சேகரிப்பு ஆர்வம் கொண்ட அதே மனிதர் தன் சொந்தச் சேகரிப்புக்கும் பொருள் வாங்கிக்கொண்டிருந்தால் சங்கடம் இரட்டிப்பாகும். அருங்காட்சியகத்தோடு தொடர்புடையவர்கள் அதனோடு போட்டியிட்டுத் தங்களுக்குச் சேகரிக்கக் கூடாது என்று ஐகாமின் நெறிமுறைகள் சொல்வது இதனால்தான்.

இந்த வழி எப்போது சரி? மாதந்தோறும் உறுதியாக வரும் பதினைந்து பேராவது இருக்கும்போது. வாடகை தரும் ஒரு பகுதி, உள்ளாட்சி மானியம், வைப்புநிதி போன்று நன்கொடையல்லாத ஒரு வருமானம் இருக்கும்போது. அல்லது கட்டடமே கதையாக இருக்கும்போது. பழைய ரயில் நிலையமோ, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்போ, ஆலையோ இடிக்கப்படும் நிலையில் இருந்து, அதைக் காப்பாற்றுவதே நோக்கமென்றால் கணக்கு வேறு. அங்கே கட்டடத்தைக் கழித்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

## வழி 2: நூலகத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ ஓர் அறை

வெளிச்சம், கழிப்பறை, காவலாளி, கூரை எல்லாம் வேறொருவர் கணக்கில். நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்தவர் போகிற போக்கில் உள்ளே எட்டிப்பார்ப்பார். அருங்காட்சியகம் என்றால் ஒதுங்குகிற மனிதர்களை இழுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நூலக ஊழியர் கண்ணில் படும்படி காட்சிப் பெட்டி இருந்தால் இரண்டு தன்னார்வலர்கள் எப்போதும் உட்கார வேண்டிய தேவையும் குறையும். மேலே போட்ட 832 மணிக் கணக்கில் பெரும்பகுதி அப்படியே கழிந்து, பதிவு வேலைக்கும் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளுக்கும் போகும்.

இரவல் கட்டடம் என்பதால் எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையர்களுக்கான பகுதியாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. அந்தப் பகுதியின் நினைவைச் சுமக்கும் அருங்காட்சியகம் 1994இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. தரையில் விரித்த பெரிய தெரு வரைபடத்தில், முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தைக் காட்டிப் பெயர் எழுதினார்கள். இடிபாடுகளிலிருந்து காப்பாற்றப்பட்ட தெருப் பெயர்ப்பலகைகள் காட்சிக்கு வந்தன. பளிங்குத் தரையும் பாதுகாப்புக் கேமராக்களும் அந்த இடத்துக்குக் கொடுத்திருக்க முடியாத ஒன்றை அந்த மக்களின் கையெழுத்து கொடுத்தது.

மறைந்திருக்கும் செலவு, மனிதர்கள் மாறுவது. உங்களுக்கு அறை கொடுத்த நூலகரோ தலைமையாசிரியரோ அதிகாரியோ இடமாற்றலாகிப் போவார். புதிதாக வருபவருக்கு அந்த அறை கணினி வகுப்புக்கோ கோப்புகள் அடுக்கவோ தேவைப்படும். ஒரு மாத அவகாசத்தில் வெளியேறச் சொன்னால் பெட்டிகள் யாருடைய வீட்டுத் திண்ணைக்கோ போகும்; பத்தாவது காரணி அங்கே வேலையைத் தொடங்கும். ஆகவே ஒரு பக்கமாவது எழுத்து ஒப்பந்தம் வேண்டும். பொருள்கள் குழுவுக்குச் சொந்தம், வெளியேறச் சொல்ல ஆறு மாத முன்னறிவிப்பு, சாவி யார் யாரிடம், திறப்பு நேரம், சேதத்துக்குப் பொறுப்பு, காட்சிப் பொருள் குறித்த இறுதி முடிவு யாருடையது ஆகிய ஆறும் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முள். அரசு அலுவலகத்துக்குள் இருந்துகொண்டு அரசு செய்த தவறைக் காட்ட முடியுமா? பள்ளிக்குள் இருந்துகொண்டு அந்தப் பள்ளியில் யார் யாருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று எழுத முடியுமா? முடியாது என்று தெரிந்தால், அந்தக் கதைகளை எங்கே சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சொல்லாமலே விடுவது என்று தன்னிச்சையாக நடந்துவிடக் கூடாது.

இன்னொரு சிறு விஷயம்: நூலகத்தில் புத்தகத்தைத் தின்னும் இராமபாணப் பூச்சி உங்கள் பதிவேடுகளையும் தின்னும், உங்கள் பெட்டியோடு வரும் பூச்சி நூலகத்தையும் தின்னும். புதிதாக வரும் எந்தப் பொருளையும் நேராக அறைக்குள் கொண்டுபோகாமல், பிளாஸ்டிக் உறையில் கட்டிச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்ப்பது நல்ல அண்டை வீட்டாருக்கு அழகு.

நிலையான ஓர் இடம் என்று வரும்போது, தொடக்க நிலையில் இருக்கும் பெரும்பாலான குழுக்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

## வழி 3: கட்டடமே இல்லாத நடமாடும் கண்காட்சி

சுருட்டி எடுத்துப்போகக்கூடிய பதாகைகள், இரண்டு மடக்கு மேசைகள், ஒரு ஸ்கேனர், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பள்ளி, சந்தை, முதியோர் இல்லம், பஸ் நிலையம் என்று எங்கே மக்கள் கூடுகிறார்களோ அங்கே அரை நாள். "உங்கள் பழைய படத்தைக் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே தந்துவிடுகிறோம்" என்ற அறிவிப்பு ஒன்று போதும். எந்த நிலையான அருங்காட்சியகத்துக்கும் வராத படங்கள் வரும். பொருளை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள்கூட நகலைக் கொடுப்பார்கள், கூடவே கதையையும். பொருள்கள் அவரவர் இடத்திலேயே இருக்கட்டும், ஊரே அருங்காட்சியகமாக இருக்கட்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1970களில் பிரான்ஸில் லெ குரூசோ போன்ற தொழில் நகரங்களில் சூழல் அருங்காட்சியகங்களாக அது நடைமுறைக்கு வந்தது.

இந்த வழிக்கு ஆள் குறைவாகத் தேவை. ஆனால் அந்தச் சிலர் பேசத் தெரிந்தவர்களாக, தூக்கத் தெரிந்தவர்களாக, வண்டி வைத்திருப்பவர்களாக இருக்க வேண்டும். ஏற்றி இறக்குவதிலேயே மனிதர்கள் களைத்துப்போவார்கள். அசல் பொருள்கள் பயணம் செய்யக் கூடாது. ஒவ்வொரு பயணமும் ஒரு விரிசல். நகல்களும் உறுதியான பொருள்களும் மட்டுமே வெளியே போகலாம். அசல்கள் எங்கே இருக்கும்? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: கட்டடம் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் பூட்டக்கூடிய, ஈரமில்லாத ஒரு சேமிப்பறை வேண்டும்.

சேகரிப்பு சிறியதாகவும் நினைவுகள் பெரியதாகவும் இருக்கும் இடங்களுக்கு இது பொருந்தும். மக்கள் சிதறி வாழும் பகுதிக்கும், ஒரே இடத்தில் வைத்தால் ஊரின் ஒரு பாதி அங்கே கால் வைக்காது என்ற நிலை இருக்கும் இடத்துக்கும் பொருந்தும். ஓராண்டு சோதனையாகச் செய்து பார்த்து, யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் இதைவிட மலிவான வழி இல்லை.

## வழி 4: இணையக் காப்பகம் மட்டும்

எல்லோரும் எளிது என்று நினைப்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

2,000 புகைப்படங்கள் என்று கொள்வோம். 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் ஒன்று சுமார் 25 மெகாபைட். மொத்தம் 50 கிகாபைட். மூன்று காப்புப்படிகள் வைத்தாலும் 150. இன்றைக்கு இது ஒரு சட்டைப்பையில் அடங்கும். சேமிப்பிடம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை நேரம். படத்தை எடுத்துத் துடைத்து ஸ்கேன் செய்ய ஐந்து நிமிடம். யார், எங்கே, எப்போது என்று விசாரித்து எழுதப் பதினைந்து நிமிடம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 2,000 படங்களுக்கு 660 மணிக்கு மேல் ஆகிறது. வாசலில் உட்காரும் வேலையைத் தவிர்த்த நேரம் இங்கே செலவாகிவிடுகிறது. விவரம் எழுதாமல் ஏற்றினால் வேலை விரைவில் முடியும். தேடினால் கிடைக்காத குவியல் ஒன்று இணையத்தில் இருக்கும்.

இலக்க வடிவம் நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராக ஒரு பழைய பாடம் உண்டு. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த, டூம்ஸ்டே என்று பெயர்பெற்ற நிலக் கணக்கெடுப்பின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே திட்டத்தை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏறின. பதினைந்து ஆண்டுகளில் அந்த வட்டைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட்டன. தகவலை மீட்கத் தனியாக ஆய்வுத் திட்டங்கள் தேவைப்பட்டன. தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டின் ஏடுகளை இன்றும் திறந்து படிக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தது. சுமார் இரண்டு கோடி பொருள்களில் பெரும்பகுதி அழிந்தது. அதற்குப் பிறகு, அங்கே போய்வந்தவர்கள் எடுத்திருந்த படங்களைத் திரட்டும் முயற்சி நடந்தது. நகல் அசலுக்கு ஈடில்லை என்பது உண்மை. நகல்கூட இல்லாத நிலை என்னவென்று ரியோ காட்டியது.

ஆகவே இணையம் ஒரு காப்பு வழி. தனித்து நிற்கும் வழி அல்ல. மறைந்திருக்கும் செலவுகளில் மூன்று சட்டம் சார்ந்தவை. புகைப்படம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பதிப்புரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. பல நாடுகளில் அது எடுத்தவருடையது. பேட்டி கொடுத்தவர் ஆய்வுக்குச் சம்மதித்திருப்பார், உலகமே கேட்கும் ஒலிப்பதிவுக்குச் சம்மதித்திருக்க மாட்டார். இரண்டுக்கும் தனித்தனியே கையெழுத்து வேண்டும். பழைய மருத்துவமனைப் பதிவேடோ காவல் ஆவணமோ உயிரோடிருக்கும் ஒருவரின் அந்தரங்கத்தை வெளியே போடக்கூடும். நான்காவது செலவு அற்பமானது, ஆனால் மிக அதிகமாக ஆளைக் கவிழ்ப்பது: இணைய முகவரியின் புதுப்பிப்பும் கடவுச்சொல்லும் ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் இருப்பது. அவர் வேலை மாறிப்போனால் அருங்காட்சியகமும் போய்விடும்.

ஊரைவிட்டு வெளியேறி உலகெங்கும் சிதறியவர்கள்தான் உங்கள் முதன்மைப் பார்வையாளர்கள் என்றால் இது சிறந்த வழி. சேகரிப்பில் பெரும்பகுதி தாளும் படமும் ஒலியுமாக இருந்தாலும் அப்படியே. தையல் இயந்திரமும் ஆலைச் சங்கும் நிறைந்த சேகரிப்புக்கு அல்ல.

## வழி 5: பெரிய நிறுவனத்திடம் ஒப்படைப்பது

தோல்வி என்று நினைத்து இதைத் தள்ளிவிடுகிறார்கள். அரிய ஆவணம், பூஞ்சை பிடித்த துணி, சிதைவின் அறிகுறியாகப் புளித்த வாடை வீசத் தொடங்கிய அசிட்டேட் படச்சுருள் போன்றவை உங்களிடம் இருந்தால், அவற்றை மட்டுமாவது தகுந்த ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைப்பதுதான் பொறுப்பு. நைட்ரேட் படச்சுருள் என்றால் யோசிக்கவே வேண்டாம். அது எளிதில் தீப்பிடிப்பது.

ஆனால் பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்று கண்ணை மூடி நம்பவும் கூடாது. பெரிய சேமிப்பறைகளிலும் பட்டியலிடப்படாத பெட்டிகள் தூசி படிந்து கிடப்பதுண்டு. உங்கள் ஊரின் பெட்டி அங்கே ஆயிரத்தில் ஒன்று. கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: எப்போது பட்டியலிடுவீர்கள், ஊர்க்காரர்கள் வந்து பார்க்க முடியுமா, உயர்தர நகல் ஒன்றை எங்களுக்குத் தருவீர்களா, ஆண்டு விழாவுக்குச் சில பொருள்களைக் கடனாகத் தருவீர்களா?

ஒப்படைப்பது என்றால் ஊரைவிட்டுப் போவது என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில், பழைய திரையரங்கு ஒன்றில் ஒரு சிறு அருங்காட்சியகத்தைத் திறந்தது. அதை நடத்தியவர் ஜான் கினார்ட். 1969இல் அங்கே வைத்த கண்காட்சிகளில் ஒன்று எலிகளைப் பற்றியது. அந்தப் பகுதி மக்களின் அன்றாடத் தொல்லையே பேசுபொருள். பெரிய நிறுவனத்தின் பணமும் சிறிய இடத்தின் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம். உங்கள் மாவட்டத்திலோ மாநிலத்திலோ இதற்குத் தயாரான நிறுவனம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | உழைப்பு | ஆண்டுச் செலவு | அசல் பொருளின் பாதுகாப்பு | மக்கள் வருகை | பின்வாங்குவது |
|---|---|---|---|---|---|
| சொந்தக் கட்டடம் | மிக அதிகம் | அதிகம், நிற்காது | கூரையைப் பொறுத்தது | நேர அட்டவணைக்கு உட்பட்டது | மிகக் கடினம் |
| இரவல் அறை | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் | நன்று | எளிது. திடீரென்றும் நேரலாம் |
| நடமாடும் கண்காட்சி | குறைவு, உடலுழைப்பு மிகுதி | குறைவு | சேமிப்பறை இருந்தால் நன்று | மிக நன்று | மிக எளிது |
| இணையக் காப்பகம் | தொடக்கத்தில் மிக அதிகம் | குறைவு, தவறக் கூடாது | பொருளைக் காக்காது, தகவலைக் காக்கும் | தொலைவில் உள்ளவர்க்கு நன்று | எளிது |
| ஒப்படைப்பு | மிகக் குறைவு | இல்லை | பெரும்பாலும் நன்று | குறைவு | அநேகமாக இயலாது |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையை முதலில் படியுங்கள். பின்வாங்க எளிதான வழிகளிலிருந்து கடினமான வழிகளுக்குப் போவதே நியாயமான வரிசை: ஓராண்டு நடமாடும் கண்காட்சி, பிறகு எழுத்து ஒப்பந்தத்தோடு ஓர் அறை, கூடவே தாள்களுக்கும் படங்களுக்கும் இணையக் காப்பகம், தாங்க முடியாத பொருள்களை மட்டும் ஒப்படைப்பது. கட்டடம் இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

எந்த வழியானாலும் முதல் நாளே தொடங்க வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. 2025.14.3 என்ற எண், 2025இல் வந்த பதினான்காவது நன்கொடையின் மூன்றாவது பொருள் என்று சொல்லும். அந்த எண் பொருளிலும் பதிவேட்டிலும் ஒப்படைப்புக் கடிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருளின் மேல் பேனாவால் எழுதாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம் என்றால் மென்மையான பென்சில் போதும். பிரிட்டனில் உருவான ஸ்பெக்ட்ரம் என்ற தரநிலை, பொருள் உள்ளே வருவது, உரிமை மாறுவது, இருக்கும் இடம், கடன், வெளியே போவது என்று ஒன்பது முதன்மை நடைமுறைகளை வகுத்திருக்கிறது. சிறிய குழுவும் பின்பற்றக்கூடியவைதான். "நிரந்தரக் கடன்" என்று யாராவது பொருள் தந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். பராமரிப்பு உங்களுடையது, உரிமை அவருடையது. பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும் நாளில் இருபது ஆண்டு உழைப்போடு பொருளும் போய்விடும்.

## ஒருவர் தன் வீட்டையே தர முன்வந்தால்

இந்தக் கேள்வி எல்லாக் குழுக்களுக்கும் ஒருநாள் வரும், பெரும்பாலும் குழு இன்னும் தயாராகாத நேரத்தில். மறுத்தால் ஊர் ஏசும். ஏற்றால் வழி 1இன் எல்லாச் சுமையும் ஒரே இரவில் தலையில் ஏறும்.

உடனே பத்திரப் பதிவுக்குப் போகாமல், மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு குத்தகை கேளுங்கள். அந்தக் காலத்தில் ஓர் அறையை மட்டும் திறந்து நடத்திப் பாருங்கள். பொறியாளரின் அறிக்கைக்கு அவரே செலவு செய்வாரா என்று கேளுங்கள். நல்ல மனத்தோடு தருபவர் அதற்குத் தயங்க மாட்டார். வீட்டோடு ஒரு பராமரிப்பு நிதியும் தர இயலுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள். வாசலில் அவர் குடும்பத்தின் பெயர் வைப்பது சிறிய விலை. எல்லாப் பொருளும் எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், எதையும் இடம் மாற்றக் கூடாது, குடும்ப வரலாற்றை அவர்கள் எழுதித் தந்தபடியே போட வேண்டும் என்பவை ஏற்க முடியாதவை. முதல் நிபந்தனையே ஒளியால் தாள்களைக் கொன்றுவிடும், கடைசி நிபந்தனை ஊரின் மற்றவர்களை வெளியே நிறுத்திவிடும்.

அவர் இறங்கிவரவில்லை என்றால் வீட்டுக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டு, மேல்மாடியில் இருக்கும் கடிதக் கட்டுகளையும் கணக்குப் புத்தகங்களையும் நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதற்கு ஒரு ஸ்கேனரும் இரண்டு பேரும் சில வார இறுதிகளும் போதும்.